சாப்பர், தீயணைப்பு வீரர், கைவேலைக்காரர்: ஒருவருக்காக நினைவுப் பெட்டி செய்த விவரம்

ராணுவப் பொறியியல் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் ‘தம்பி’யாக (அந்தப் படை வீரர்களின் செல்லப்பெயர்) இருந்து 1971 இந்திய-பாகிஸ்தான் போரைப் பார்த்தவர். அதன்பின் தமிழ்நாடு தீயணைப்புத் துறையில் சேர்ந்து, முன்னணி தீயணைப்போராக ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு மரம் செதுக்கினார், கயிறு முடிந்தார், மவுத் ஆர்கன் வாசித்தார், பால்பாயின்ட் பேனாவால் கோட்டோவியம் வரைந்தார். அவர் மறைந்தபின் குடும்பத்துக்காகச் செய்த, முகப்பு வைத்த சுவர்ப்பெட்டியின் செய்முறை இது.

வழக்கமாக நடப்பது எல்லோருக்கும் தெரியும். பதக்கங்களைச் சிவப்பு வெல்வெட்டில் ஒட்டி, மாலை போட்ட படத்துக்குக் கீழே மாட்டிவிடுவார்கள். செதுக்கு கத்தியும் முடிச்சுப் பலகையும் பரணுக்குப் போகும், அங்கிருந்து பழைய சாமான்காரரிடம் போகும். இங்கே பலகையில் முதல் கோடு போடும்போதே பாதிப் பரப்பு கைவேலைக்கு என்று ஒதுக்கியாயிற்று. பதக்கம் அரசு கொடுத்தது, அதே அச்சில் வார்த்தது பல வீடுகளில் இருக்கும். பூவரசில் அவர் செதுக்கிய மீன்கொத்தி உலகத்தில் ஒன்றுதான். இன்னொரு விதியும் அப்போதே முடிவானது: எதையும் ஒட்டக்கூடாது, எந்தப் பொருளைக் கழற்றினாலும் அதில் தடம் இருக்கக்கூடாது.

பெட்டி

வெளி அளவு 900 × 600 மி.மீ., ஆழம் 120 மி.மீ. சட்டம் 20 மி.மீ. தடிமன் பழைய தேக்கு. பழைய கதவு நிலையிலிருந்து அறுத்தெடுத்த தேக்கு நன்றாகக் காய்ந்திருக்கும், முறுக்காது. மூலைகளில் புறாவால் இணைப்பு. அதற்கு நேரமில்லை என்றால் படி வெட்டி ஒவ்வொரு மூலையிலும் 3 பித்தளைத் திருகு போதும்.

பின்பலகைக்குப் பிளைவுட், எம்.டி.எஃப். இரண்டும் வேண்டாம். அவற்றின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடும் கரிம அமில ஆவியும் பல வருடம் கசியும். மூடிய பெட்டிக்குள் அது உலோகத்தை அரிக்கும், காகிதத்தை மஞ்சளாக்கும். பெயர்ப்பலகைக் கடையில் கிடைக்கும் 4 மி.மீ. ஏ.சி.பி. ஷீட் (இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக்) இந்த வேலைக்குத் தோதானது. அலுமினியத் தகடுதான் முகம் என்பதால் ஆவி விடாது, ஈரத்தில் உப்பாது, துளையும் சுத்தமாக விழும். மரச் சட்டத்தின் உள்பக்கமும் அமில ஆவி விடும் என்பதால், கண்ணுக்குத் தெரியாத இடங்களில் அலுமினிய ஃபாயில் டேப் ஒட்டி அடைத்துவிடலாம். தெரியும் இடத்தில் தண்ணீர் கலக்கும் அக்ரிலிக் வார்னிஷ் இரண்டு கை அடித்து, பெட்டியை மூன்று வாரமாவது திறந்தே வைக்க வேண்டும். வாசனை முழுக்கப் போகாத பெட்டியில் பொருளை வைத்து மூடுவது எல்லாவற்றையும் விடக் கெடுதல்.

முகப்புக்கு 3 மி.மீ. அக்ரிலிக். இந்த அளவுக்கு 4 மி.மீ. கண்ணாடி 5 கிலோவைத் தாண்டும், அக்ரிலிக் 2 கிலோவுக்குள் நிற்கும். அக்ரிலிக் சூட்டில் நீளும். 900 மி.மீ. நீளத்தில் 20 டிகிரி வெப்ப மாற்றத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகும். அளவெடுத்து இறுக்கமாக நுழைத்தால் சித்திரையில் நடுவில் வயிறு தள்ளும். பள்ளத்தில் சுற்றிலும் 2 மி.மீ. இடம் விட வேண்டும். கரிக்கட்டி, பாஸ்டல் ஓவியம் உள்ளே இருக்குமானால் மட்டும் கண்ணாடிக்கே போக வேண்டும். அக்ரிலிக்கைத் துடைக்கும்போது ஏறும் நிலைமின்சாரம் பொடியை ஓவியத்திலிருந்து இழுத்துவிடும்.

உள்விரிப்புக்கு வெல்வெட்டுக்குப் பதில் காடாத்துணி. கடையிலிருந்து வரும் காடாவில் கஞ்சி இருக்கும், கஞ்சிக்கு ராமபாணப் பூச்சி வரும். இரவு முழுக்க ஊறவைத்து, கொதிநீரில் ஒரு முறை, சாதா நீரில் இரண்டு முறை அலச வேண்டும். சோப்பு நுரை துளியும் தங்கக்கூடாது. தீயணைப்புத் துறை என்றால் சிவப்புதான் வேண்டும் என்று வீட்டில் கேட்டால், துணியை நனைத்து வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்து, மேலே கனம் ஏற்றிப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். சாயம் இறங்கினால் அது ஐப்பசி மழையில் பதக்க நாடாவிலும் இறங்கும். கம்பளித் துணியும் கம்பளி ஃபெல்ட்டும் அறவே கூடாது. கம்பளியில் கந்தகம் இருக்கிறது.

பிராஞ்சும் பெல்ட்டும்

பிராஞ்ச் என்பது ஹோஸின் முனையில் மாட்டி நீரைப் பீய்ச்சும் குழாய். வீட்டில் பித்தளை என்றுதான் சொல்வார்கள். தீயணைப்பு பிராஞ்ச் பெரும்பாலும் கன்மெட்டல் (செம்பும் வெள்ளீயமும் முக்கியமாகக் கலந்த உலோகம்) வார்ப்பு. 63 மி.மீ. டெலிவரி ஹோஸ் மாட்டும் பக்கம் ஆண் கப்ளிங், மறுமுனையில் திருகிக் கழற்றும் நாசில். இது முறைப்படி ஏலத்தில் எடுத்த கழிவுப் பொருள், ரசீதின் நகல் பின்பலகையில் உறைக்குள் இருக்கிறது. ரசீது இல்லாத அரசுப் பொருளை மாட்டி வைப்பது, காலமெல்லாம் ஸ்டோர் கணக்கு ஒப்படைத்த ஒருவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

நாசிலைத் திருகிப் பார்ப்பதுதான் முதல் வேலை. பல வருடம் திறக்காத மரையில் பைப் ரென்ச் போட்டால் பல் தடம் நிரந்தரமாக விழும். மரையில் ஊடுருவும் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஒரு இரவு விட்டுவிட்டு, வெந்நீரில் நனைத்த துணியை வெளிப்பகுதியில் மட்டும் சுற்றி, கையால் திருக வேண்டும். வெளிப்பகுதி விரிந்தவுடன் பிடி விடும். அப்படியும் வராவிட்டால் அப்படியே இருக்கட்டும், காட்சிக்கு வைக்கும் பொருளைக் கழற்றியே தீர வேண்டும் என்பதில்லை.

கழுவ: 1 லிட்டர் நீருக்கு 5 மி.லி. காரமில்லாத திரவ சோப்பு, மென்மையான டூத்பிரஷ், உடனே துடைத்து ஹேர் டிரையரில் உலர்த்தல். புளி, எலுமிச்சை, உப்பு எதுவும் வேண்டாம். கோவில் குத்துவிளக்குக்கு ஒத்துவரும் புளி இங்கே இரண்டு விதமாகக் கெடுக்கும். பித்தளைப் பாகமாக இருந்தால், அதில் உள்ள துத்தநாகத்தை அமிலம் கரைத்துவிட்டால் மேலே செம்பு மட்டும் நின்று இளஞ்சிவப்புத் திட்டு விழும், அது தேய்த்தாலும் போகாது. உப்பிலுள்ள குளோரைடு வார்ப்பின் நுண்துளைக்குள் போய் உட்கார்ந்துவிடும். பிறகு வெளிர்பச்சையாக, மாவு போல ஒரு பொடி தள்ளும், துடைத்தாலும் மறுபடி தள்ளும். துறைமுகத்தில் கடல்நீர் இறைத்த பிராஞ்சுகளில் இது அதிகம். கரும்பச்சையாக, இறுகிப் படிந்திருப்பது வேறு, அதைத் தொட வேண்டாம். வெளிர்பச்சைப் பொடியை மூங்கில் குச்சியால் உலர்ந்தபடியே சுரண்டியெடுத்து, பொருளை 45 சதவீதத்துக்குக் கீழான ஈரப்பதத்தில் வைப்பதுதான் வழி.

இங்கேதான் ஒரு சிக்கல். மரச்சிற்பத்துக்கு அவ்வளவு வறட்சி ஆகாது, விரிசல் விடும். அதனால் பெட்டியின் இடது ஓரத்தில் 200 மி.மீ. அகலத்துக்குத் தனி அறை ஒன்றை 3 மி.மீ. அக்ரிலிக் தடுப்பால் பிரித்து, பிராஞ்ச் அதற்குள் செங்குத்தாக நிற்கும்படி செய்தாயிற்று. அந்த அறையின் கொள்ளளவு ஏறத்தாழ 13 லிட்டர். அதற்கு 250 கிராம் சிலிக்கா ஜெல், துளையிட்ட பாலிப்ரொப்பிலீன் டப்பாவில். நிறம் ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறும் வகை வாங்குங்கள், நீலநிற வகையில் கோபால்ட் இருக்கிறது. பச்சையானதும் ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சாகும். அடுப்பில் வாணலியில் வறுத்தால் சூடு கட்டுக்கு அடங்காது, நிறங்காட்டி செத்துவிடும்.

பாலிஷ் போடலாமா? பழைய உலோகத்தைப் பளபளக்க வைக்காதே என்பதுதான் பொது விதி. பிராஞ்ச் விஷயத்தில் அந்த விதியைத் தளர்த்தலாம் என்பது என் கருத்து. நிலையத்தில் பித்தளையைத் தேய்ப்பது அன்றாட வேலை. பளபளப்புதான் அந்தப் பொருள் உண்மையில் இருந்த நிலை. பிராஞ்சின் கழுத்தில் இடது கை பிடிக்கும் இடம் மட்டும் சற்று மழுங்கி வழவழத்திருக்கிறது. அந்த மழுக்கம் தெரிய வேண்டுமானால் சுற்றிலும் மினுக்கம் வேண்டும். பாலிஷ் குழம்பைத் துணியில் எடுத்து லேசாக ஒரு முறை, அவ்வளவுதான். எழுத்துப் பள்ளங்களில் முன்பே உறைந்து கிடந்த வெள்ளைப் பாலிஷ் கசடை மினரல் டர்பன்டைன் தொட்ட பல்குச்சியால் எடுக்கலாம். கடைசியில் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு, கடுகளவு எடுத்து மெல்லிய பூச்சாக. தேய்மானப் பொடி கலந்த கார் மெழுகு வேண்டாம்.

மாட்டுவதற்கு 25 × 3 மி.மீ. அலுமினியப் பட்டையை வளைத்த இரண்டு தாங்கிகள். எம்5 போல்ட் நான்கு, பின்னால் 25 மி.மீ. அகல வாஷர். ஏ.சி.பி. ஷீட் மெல்லியது, சின்ன வாஷர் போட்டால் கனத்தில் குழி விழுந்து போல்ட் இழுத்துக்கொண்டு வந்துவிடும். தாங்கிக்கும் கன்மெட்டலுக்கும் இடையில் டிவி பெட்டியில் வரும் வெள்ளை இ.பி.இ. நுரைத்தாள். ரப்பர் வைக்கக்கூடாது.

ரப்பரைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு முழம் ஹோஸை வெட்டி உள்ளே சுருட்டி வைக்க எல்லோருக்கும் ஆசை வரும். ஹோஸின் உள் பூச்சு வல்கனைஸ் செய்த ரப்பர், அது கந்தக ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். அசல் கருப்பு வெள்ளைப் புகைப்படம் எதையாவது உள்ளே வைத்தால், அதில் உருவமாக நிற்பதே வெள்ளித் துகள்தான். கந்தகம் பட்டால் வெள்ளி மங்கி மஞ்சளாகும். பெண் கப்ளிங் வைத்தால் அதற்குள் இருக்கும் ரப்பர் வாஷரையும் கழற்றிவிட வேண்டும். ஹோஸ் வேண்டுமென்றால் பெட்டிக்கு வெளியே, தனிக் கொக்கியில்.

பெல்ட்டின் பக்கிள் ஓரத்தில் பச்சை மெழுகு போல ஒன்று கட்டியிருக்கும். தோலில் இருக்கும் கொழுப்பு அமிலம் செம்போடு சேர்ந்து உண்டாக்குவது அது. மரக்குச்சியால் எடுத்துவிட்டு, தோலுக்கும் பக்கிளுக்கும் நடுவில் பாலியஸ்டர் ஃபிலிம் துண்டு ஒன்றைச் செருகினால் மறுபடி வருவது தாமதமாகும். தோலுக்கு எண்ணெய் போட வேண்டாம். எண்ணெய் சில வருடத்தில் பிசுக்காகிப் பூஞ்சை பிடிக்கும்.

பதக்கங்கள்

இவரிடம் இருந்தவை பஷ்சிமி ஸ்டார், சங்கிராம் பதக்கம், சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கம். முதலாவது மேற்கு முனையில் இருந்தவர்களுக்கு. கிழக்கு முனை என்றால் பூர்வி ஸ்டார். முதலில் சொன்ன மூன்றின் வரிசைதான் அணியும் வரிசையும். அணிந்தவரின் வலப்பக்கம் முதல் பதக்கம், அதாவது பார்ப்பவருக்கு இடமிருந்து வலமாக. கண்ணாடியில் பார்த்த படத்தை வைத்து மாற்றிக் கோப்பவர்கள் ஏராளம். முன்னாள் படைவீரர் ஒருவர் வீட்டுக்கு வந்தால் முதலில் கண்ணில் படுவது அந்தப் பிழைதான்.

பதக்கத்துக்குப் பாலிஷ் கூடவே கூடாது. விளிம்பில் எண், பதவி, பெயர் பொறித்திருக்கும். தேய்க்கத் தேய்க்க முதலில் அழிவது அந்தப் பெயர். உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். இனி பருத்திக் கையுறை இல்லாமல் தொடக்கூடாது, வியர்வை உப்பு விரல்ரேகையோடு பதிந்துவிடும்.

நாடாவின் அகலம் 32 மி.மீ. கிழிந்திருந்தால் புது நாடா ஒரு பதக்கத்துக்கு 150 மி.மீ. வாங்கிப் போடலாம், ஆனால் பழையதை எறியக்கூடாது. போட்டுத் திரிந்தது அதைத்தான். அமிலமற்ற காகிதத்தில் மடித்து, பெயரெழுதி, பின் உறையில் வைத்தாயிற்று. பதக்கங்களைத் தைத்தது நெளிவு பாலிப்ரொப்பிலீன் ஷீட்டின் மேல் காடா சுற்றிய பட்டையில், பருத்தி நூலால், நாடா வழியாக. உலோகம் பின்துணியில் படுத்திருக்க வேண்டும். தொங்கவிட்டால் கதவு அடிக்கும்போதெல்லாம் ஒன்றோடொன்று மோதிக் கீறல் விழும்.

முடிச்சுப் பலகை, பறவைகள், கத்தி

முடிச்சுப் பலகையில் மணிலா கயிற்றில் போலைன், க்ளோவ் ஹிட்ச், நடுவில் பெரிதாக நாற்காலி முடிச்சு. கயிற்றின் நடுப்பகுதியில் இரண்டு வளையம் எடுத்து, ஒவ்வொன்றையும் அரைமுடிச்சால் பூட்டுவது இது. சின்ன வளையம் அக்குளுக்குக் கீழே, பெரியது முழங்காலுக்கடியில். மாடியில் சிக்கியவரை உட்கார்ந்த நிலையில் இறக்குவதற்கு. பலகையிலுள்ள முடிச்சு தளர்ந்திருந்தாலும் அவிழ்த்து மறுபடி போடாதீர்கள். பழைய மணிலா நார் காய்ந்து நொறுங்கும், அதோடு அந்த இறுக்கம் அவர் கை இழுத்த இறுக்கம். தளர்ந்த இடத்தில் அதே நிறப் பருத்தி நூலால் பலகையோடு ஒரு தையல் போதும்.

கயிறும் மரமும் உள்ளே போகும் முன் பூச்சி பார்க்க வேண்டும். பறவை ஒன்றின் அடியில் குண்டூசித் தலையளவு துளைகளும், கீழே புதிதாக விழுந்த மாவும் இருந்தன. மருந்து தெளிக்கத் தேவையில்லை. தடித்த பாலிதீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். வெளியே எடுத்தபின் 24 மணி நேரம் பையைப் பிரிக்கக்கூடாது. பிரித்தால் குளிர்ந்த மரத்தின் மேல் வேர்த்துக் கறை விழும். பெயின்ட் அடித்த சிற்பத்துக்கு இந்த முறை வேண்டாம், பெயின்ட் உரியும். நாப்தலின் உருண்டையும் வேண்டாம். மூடிய பெட்டியில் அது படிகமாகப் படியும், சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும்.

பறவைகளைத் தாங்குவது 3 மி.மீ. அக்ரிலிக் கம்பியைச் சூட்டில் வளைத்த கவட்டை. மீன்கொத்தியின் அடிவயிற்றில் உளித்தடம் சீராக இறங்கி, வாலருகே நாரின் போக்கு மாறும் இடத்தில் திசை மாறுகிறது. பூவரசில் அந்த இடத்தில் அப்படியே இழுத்தால் நார் பெயர்ந்துவிடும் என்று தெரிந்த கை. அது தெரியும்படி பறவையைச் சற்றுத் திருப்பி, வயிறு முன்னால் வருமாறு வைத்தோம். பக்கவாட்டில் அழகாகத்தான் இருக்கும், ஆனால் வேலை தெரியாது.

கத்தியின் பிடியில் கழிவு ஹோஸின் வெளிநெசவிலிருந்து உருவிய நூல் சுற்றியிருக்கிறது, வியர்வையில் கருத்துப்போய். அதைக் கழுவக்கூடாது. அலகில் மட்டும் துருவை 0000 இரும்புப் பஞ்சால் எண்ணெய் தொட்டு எடுத்து, எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து மெழுகு பூசினால் போதும். தோல் உறைக்குள் வைத்தால் தோலின் அமிலமே அலகைத் தின்னும். உறையைப் பக்கத்தில் தனியாக வைக்கலாம்.

மவுத் ஆர்கன்

24 துளை ட்ரெமோலோ, உள்ளே 48 ரீட் (அதிர்ந்து ஒலி தரும் உலோக நாக்கு). மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் சுருதி நூலிழை விலகியிருப்பதால்தான் அந்த நடுக்கம் வருகிறது. ஊமையான ரீட்டைச் சரிசெய்கிறேன் என்று சுரண்டினால் அந்த விலகல் போய்விடும். மேல்மூடித் திருகு இரண்டையும் கழற்றி, ரீட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே மெல்லிய காகிதத் துண்டை ஒரு முறை இழுத்தால் பெரும்பாலும் புகையிலைத் தூளோ நூலோ வெளியே வந்து, ரீட் பேசத் தொடங்கும். நடுக்கட்டை மரமாக இருந்தால் தண்ணீரில் முக்கக்கூடாது. உப்பி, உலரும்போது வெடித்துத் தகட்டின் ஓரத்தில் காற்று ஒழுகும். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மூடியும் வாய் வைக்கும் இடமும் துடைத்தால் போதும். இதைக் கட்டவில்லை. சாய்ந்த அக்ரிலிக் தட்டில் வெறுமனே வைத்திருக்கிறது, கீழே 8 மி.மீ. விளிம்பு. வாசிக்கத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் எடுத்து வாசிக்கட்டும்.

காகிதங்களும் பெயர்ச்சீட்டும்

பால்பாயின்ட் மை வெளிச்சத்தில் சீக்கிரம் வெளிறும். அதனால் ஓவியங்களின் அசலைப் பெட்டியில் வைக்கவில்லை. 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து, பிக்மென்ட் மையில் அச்சிட்ட நகல்தான் உள்ளே இருக்கிறது. அசல் பாலிப்ரொப்பிலீன் உறையில், பீரோவில். புகைப்படங்களுக்கும் அதேதான். சட்டத்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்கவே கூடாது, ஜெலட்டின் பூச்சு கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். லேமினேஷன் ஒருபோதும் வேண்டாம்.

பெயர்ச்சீட்டுக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ‘வீரம், தியாகம், சேவை’ என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும். டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்து எந்த ரெஜிமென்ட், எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை என்று பாருங்கள். 1971 போரில் மேற்கு முனையில் பசந்தர் ஆற்றங்கரையில் கண்ணிவெடி வயலைக் கடந்து டாங்குகளுக்கு வழி திறந்தவர்கள் மெட்ராஸ் சாப்பர்கள் என்பது வரலாறு. ஆனால் இவர் அங்கே இருந்தாரா என்பதைப் புத்தகம் சொல்லாதவரை சீட்டில் எழுதக்கூடாது. கூட வேலை பார்த்தவர்களை இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எந்த நிலையம், வண்டியில் எந்த இடம், பிராஞ்ச் பிடித்தவரா பம்ப் பார்த்தவரா. பறவைக்கு: என்ன மரம், எங்கே கிடைத்தது, எந்தக் கத்தி. லேசர் அச்சில் எடுங்கள், சாதாரண இங்க்ஜெட் மை ஈரத்தில் பரவும். ராணுவ எண்ணும் பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) எண்ணும் முகப்பில் தெரிய வேண்டாம், ஓய்வூதிய மோசடிக்கு அவை போதும்.

மாட்டுதல்

மொத்த எடை ஏறத்தாழ 14 கிலோ. ஒற்றை ஆணியும் கயிறும் தாங்காது. 45 டிகிரி சரிவாக அறுத்த இரண்டு மரப்பட்டைகள், 800 மி.மீ. நீளம். ஒன்று சுவரில், ஒன்று பெட்டிச் சட்டத்தில், ஒன்றின் மேல் ஒன்று கொக்கிபோல உட்காரும். செங்கல் சுவரில் 8 மி.மீ. பிளக், 60 மி.மீ. திருகு நான்கு. ஏ.ஏ.சி. பிளாக் (காற்றுத்துளை நிறைந்த இலகு கான்கிரீட் கல்) சுவர் என்றால் அதற்கென்று வரும் பிளக் வாங்க வேண்டும், சாதா பிளக் மாவு போல உதிர்த்துக்கொண்டு வந்துவிடும். வடகிழக்கு மழை அடிக்கும் வெளிச்சுவர், குளியலறைச் சுவர், சாமி விளக்குப் புகை படும் இடம் ஆகியவை வேண்டாம். பின்னால் 10 மி.மீ. காற்றிடைவெளி இருந்தால் கரையான் மண்ணேற்றினால் கண்ணில் படும்.

பெட்டிக்குள் எல்.இ.டி. பட்டை வைக்கவில்லை. பதக்க நாடாவுக்கு 50 லக்ஸ் வெளிச்சமே போதும், வெயில் நேராக விழாத சுவரில் அதற்குக் குறையாது. திறந்து பார்க்க ஏப்ரல் 14 வசதியான நாள். 1944-ல் பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் இறந்த 66 தீயணைப்பு வீரர்களை நினைத்துத் துறை முழுக்கத் தீத்தொண்டு நாள் அனுசரிக்கும் நாள் அது, மழைக்காலமும் வெகு தூரத்தில் இருக்கும். அன்று சிலிக்கா ஜெல்லின் நிறம், கயிற்றடியில் மாவு, பிராஞ்சின் மரையில் வெளிர்பச்சை, இந்த மூன்றையும் பார்த்துவிட்டு மூடலாம். பிறகு ஐப்பசி பிறக்கும் முன் ஜெல்லை மட்டும் இன்னொரு முறை உலர்த்தி வைக்க வேண்டும்.